நடு விலை

எங்கள் மார்க்கெட்டில் முதலில் சொல்கிற விலையை நம்புகிறவன் ஒன்று குழந்தையாக இருக்க வேண்டும், இல்லை வரி அதிகாரியாக இருக்க வேண்டும். விற்கிறவன் ஒன்று சொல்வான், வாங்குகிறவன் ஒன்று சொல்வான், இருவரும் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்வார்கள், இருவரும் பொய் சொல்கிறார்கள் என்பது இருவருக்குமே தெரியும். உண்மை அந்த இரண்டு பொய்களுக்கு நடுவில் எங்கேயோ குத்தவைத்து உட்கார்ந்திருக்கும். அதைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வருவதுதான் என் அத்தானின் தொழில்.

அத்தான் துணித் தரகர். கோட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங், பை தைக்கும் கேன்வாஸ், இப்படி மொத்தமாகக் கைமாறும் சரக்குக்கு நடுவில் நிற்பவர். எந்தச் சண்டையையும் சரிபாதியில் கொண்டுவந்து முடிப்பதால் அவருக்குப் 'பாதி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சரக்கு லிஃப்டை ஓட்டுகிறவர்கூட "பாதியண்ணே, எந்த மாடி?" என்றுதான் கேட்பார். என் அக்காவுக்கு அந்தப் பெயர் ரொம்ப வசதியாகப் போயிற்று.

"நான் கட்டிக்கிட்டதே பாதி மனுஷனை. மீதியை எந்தக் குடோன்ல போட்டு வச்சிருக்காங்களோ, இன்னும் தேடிட்டிருக்கேன்" என்பாள்.

பேரத்தில் அத்தானையே தூக்கிச் சாப்பிடுகிறவள் அக்கா. விலையைக் கேட்டதும் பதில் சொல்ல மாட்டாள். எடுத்த பொருளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரன் முகத்தைக் கவலையோடு பார்ப்பாள். "உடம்புக்கு முடியலையாப்பா? ஜுரத்துல பேசுற மாதிரி இருக்கே." அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் விற்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. எங்கள் தெருமுனையில் பழவண்டி நிறுத்துகிறவர், அக்கா படியிறங்குவது தெரிந்தாலே விலையைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்வார். இறங்குவதற்கு இடம் வேண்டாமா?

அப்படிப்பட்டவளுக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையோடு போகிற வகை இல்லை. இன்சுலின் சுரப்பதையே உடம்பு நிறுத்திவிட்ட வகை. ஊசி இல்லாமல் ஒரு வேளைகூட ஓடாது. எங்கள் வீட்டில் சம்பந்தம் பேச வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தான் மட்டும்தான் அக்காவிடம் நேராகக் கேட்டார். "ஊசி நீங்களே போட்டுக்குவீங்களா, இல்ல நான் கத்துக்கணுமா?" வாழ்நாளில் அவர் பேரம் பேசாமல் முடித்த காரியம் அது ஒன்றுதான்.

ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. ஏறினால் ஆளை மெல்லக் கொல்லும். இறங்கினால் அப்போதே விழுத்தாட்டும். சின்ன வயதில் சர்க்கரை இறங்கும்போது அக்காவுக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவாள். ஒரு தம்ளர் பழச்சாறு குடித்தால் தெளிந்துவிடும். வருஷக்கணக்கில் ஊசி ஏறி ஏறி, அந்த நடுக்கமும் வியர்வையும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. உடம்பு ஊமையாகிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பாள், பாதி வாக்கியத்தில் கண் நிலைகுத்தும். அவளுக்கே தெரியாது.

அதனால்தான் சென்சார் வந்தது. மேல்கையில் ஒட்டிக்கொள்கிற சின்ன வில்லை. தோலுக்கடியில் முடிபோல ஒரு கம்பி உட்கார்ந்திருக்கும். வில்லையின் முதுகில் செருகியிருக்கும் டிரான்ஸ்மிட்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனுக்கு ஓர் எண்ணை அனுப்பும். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஏறுகிறதா, இறங்குகிறதா, நேராக இருக்கிறதா என்று காட்டும். எழுபதுக்குக் கீழே போனால் அக்காவின் போனும் அத்தானின் போனும் சேர்ந்து அலறும். ஊமையாகிப்போன உடம்புக்கு அது வாடகைக்கு எடுத்த வாய்.

வாடகைதான் கொஞ்சம் அதிகம். ஒரு சென்சார் பத்து நாள்தான் ஓடும் என்றது கம்பெனி. பத்தாம் நாள் போன் தானாகவே கணக்கை முடித்துவிட்டுப் புதுசு கேட்கும். வாங்குகிறவனும் விற்கிறவனும் போனிலேயே பேசி முடித்துக்கொள்ள ஆரம்பித்த காலம் அது. நடுவில் நிற்பவருக்குத் தரகு தேய்ந்துகொண்டே வந்தது. அத்தான் கையை நெட்டி முறித்துக்கொண்டு சொன்னார்:

"பத்து நாள்ங்கிறது அவன் சொல்ற முதல் விலை மச்சான். முதல் விலையை எவனாவது நம்புவானா? பத்துன்னு சொல்றவன் இருபதுக்குச் செஞ்சிருப்பான்."

"அவன் என்ன உங்க கேன்வாஸ்காரனா? டாக்டருங்க செஞ்சது அத்தான்."

"டாக்டர் செஞ்சான். வித்தது யாரு? வியாபாரிதானே?"

இதே வியாதியுள்ளவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. வித்தையை அங்கேதான் கற்றுக்கொண்டார். சென்சாரைக் கழற்றாமல் அதன் முதுகிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரை மட்டும் நெம்பி எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் தனியாக வைத்திருந்து, திரும்பச் செருகி, போனிடம் 'இது புதுசு' என்று சொல்ல வேண்டும். போனும் நம்பிவிடும். நெம்புவதற்குக் குழுவில் ஆளுக்கொரு கருவி சொன்னார்கள். அத்தான் தொழில்காரர், சட்டைக் காலர் விறைப்பாக நிற்க உள்ளே செருகுகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அளவெடுத்துச் செய்தாற்போல இருந்தது.

சாப்பாட்டு மேசைதான் ஆப்பரேஷன் தியேட்டர். அக்கா கையை மேசைமேல் நீட்டி உட்காருவாள். அத்தான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பட்டையைச் செருகுவார். சென்சாரின் ஓரம் எழும்பி வரும் இடத்தில் ஒட்ட நான் டேப் வெட்டிக் கொடுப்பேன்.

"மெதுவா. என் கை அது, உங்க பார்சல் இல்ல."

"அசையாதே. ஒரு சென்சார் மிச்சம்."

"மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க? எனக்கு மூணாவது கை முளைச்சா ஒட்டுறதுக்கா?"

டிரான்ஸ்மிட்டர் 'டக்'கென்று உட்கார்ந்ததும் அத்தான் அதைத் தட்டிக்கொடுப்பார், மாட்டைத் தட்டுகிறாற்போல. "இன்னும் ஒரு பத்து நாள் குடுத்துடு ராஜா. பழகின இடம்தானே."

அதுவும் கொடுத்தது. ஒரு பத்து இரண்டு பத்தாயிற்று, சில சமயம் மூன்றாவது பத்தையும் எட்டிப் பார்த்தது. விலை ஏறுவதற்குள் என்று மாசம் தவறாமல் வாங்கியதில் மிச்சமான புதுப் பெட்டிகள் துணி அலமாரியின் மேல்தட்டில் ஏறிக்கொண்டே போயின. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மற்றவர்கள் நகையைக் காட்டுவார்கள். அத்தான் அலமாரியைத் திறந்து பெட்டிகளைக் காட்டுவார். "எங்களுக்கு ஆறு மாசம் கடையடைச்சாலும் கவலையில்ல." அக்காவும் அந்தப் பெருமையில் கூடவே நிற்பாள். பொய் சொல்லக் கூடாது, எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுக்கிற குடும்பத்துக்கு ஒரு கம்பெனியையே ஏமாற்றுவது கிட்டத்தட்டப் புண்ணியம்.

ஆனால் கிழட்டு சென்சார், கிழட்டுச் சாட்சி மாதிரி. பேசும், ஆனால் உளறும். புதுசாக இருக்கும்போது விரலில் குத்திப் பார்க்கிற எண்ணும் சென்சார் சொல்கிற எண்ணும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். நாளாக ஆக விலகும். அப்போது விரலில் குத்தி, மீட்டரில் வருகிற எண்ணைப் போனில் போட வேண்டும். சென்சார் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

கிளினிக்கில் இருந்த சர்க்கரை நர்ஸ் இதை முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார். "சென்சாரும் விரலும் சண்டை போட்டா விரல் பக்கம் நில்லுங்க சார். கையைக் கழுவிட்டுக் குத்துங்க. விரல் ரத்தம். பொய் சொல்லாது."

அத்தான் தலையாட்டிவிட்டு வந்தார். படியிறங்கும்போதே என்னிடம் சொன்னார்: "யாரும் பொய் சொல்லாத மார்க்கெட்டை நான் பார்த்ததில்ல."

விரலும் ஒருநாள் பொய் சொல்லிவிட்டது. அக்கா பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமல் அப்படியே குத்திக்கொண்டாள். மீட்டர் முந்நூறைத் தாண்டிக் கத்தியது. சென்சார் நூற்று நாற்பது என்றது. நர்ஸ் சொன்னபடி விரலை நம்பி ஊசி போடப் போனவளை அத்தான்தான் தடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவிக் குத்தினால் நூற்று நாற்பத்தைந்து. விரல் நுனியில் ஒட்டியிருந்த பழச்சாறு செய்த வேலை.

அன்று அவர் ஜெயித்ததுதான் வினையாகப் போயிற்று. கிழடு என்று ஒதுக்கிய சென்சார் உண்மை பேசியது, பொய்யே சொல்லாது என்று நம்பிய விரல் கவிழ்த்தது. அத்தானின் மனசுக்குள் இரண்டுமே வியாபாரிகளாகிவிட்டன. இரண்டு வியாபாரிகள் என்றால் நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நாற்காலியில் எத்தனையோ வருஷமாக உட்கார்ந்து பழகியவர் வீட்டிலேயே இருந்தார்.

அதற்கப்புறம் எண்கள் விலகுகிற ஒவ்வொரு தடவையும் மேசையில் பஞ்சாயத்துதான்.

"சென்சார் என்ன சொல்லுது?"

"நூத்தம்பது" என்பாள் அக்கா.

"விரல்?"

"தொண்ணூறு."

அத்தான் கண்ணை மூடிக்கொள்வார், சரக்கை விரலால் தடவிப் பார்க்கிறாற்போல. "இவனும் கொஞ்சம் இறங்கட்டும், அவனும் கொஞ்சம் ஏறட்டும். நூத்தி இருபது போடு."

"ரத்தத்துக்குமா தரகு?"

"நர்ஸம்மா விரல்னுதானே சொன்னாங்க அத்தான்?" என்று நான் ஒருதரம் கேட்டேன்.

"அந்தம்மா பழம் நறுக்கினதைப் பார்க்கலையே மச்சான்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே நூற்று இருபது என்று போட்டாள். நடு எண் அவளுக்கும் பிடித்திருந்தது. ஓர் எண் பயமுறுத்தும், இன்னொன்று ஏமாற்றும். நடுவில் இருப்பது நிம்மதியாக இருக்கும். அவர் கூப்பிட்டால் விரலை நீட்டுவாள். குத்துகிற வலியை அவள் முகத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த மத்தியானம் மார்க்கெட்டில் ஈரம்பட்ட லைனிங் துணிக்குப் பெரிய தகராறு. மூன்றாம் மாடியில் கேன்வாஸ்காரரின் கடை. அவர் ஒரு பக்கம், பை கம்பெனி நடத்தும் அம்மா ஒரு பக்கம், நடுவில் அத்தான். கீழ்த்தளத்தில் என் பொத்தான் கடையில் ஆள் வரத்து இல்லை, வேடிக்கை பார்க்க நானும் மேலே போயிருந்தேன்.

"தண்ணி ஓரத்துலதான்மா பட்டிருக்கு. உள்ளே பிரிச்சுப் பாருங்க, பட்டு மாதிரி இருக்கும்."

"பட்டு மாதிரி இருக்கு, நாத்தம் மீன் மாதிரி இருக்கே."

"மழை பெஞ்சதுக்கு நானா பொறுப்பு?"

"அப்ப மழைகிட்டயே பணம் வாங்கிக்கோங்க."

அத்தான் இருவரையும் பேசவிட்டு, ரோலின் ஓரத்தைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் மேசைமேல், அளவு டேப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. நூற்றுப் பதினெட்டு. அம்பு நேர். அக்கா கையில் இருந்தது இரண்டு தடவை மறுபிறவி எடுத்த சென்சார். காலையில் அது விரலோடு சண்டை போட்டதாகவும், வழக்கம்போலத் தீர்த்துவைத்ததாகவும் வரும் வழியில் சொல்லியிருந்தார்.

டீ வந்தது. டீ வருகிற நேரத்துக்கு அக்காவின் போனும் வரும். "என்னங்க, இன்னைக்கு யாரைப் பாதியாக்கினீங்க?" என்பாள், பதிலுக்குக் காத்திராமல் அவள் முடித்த பேரத்தைச் சொல்லுவாள். அன்று டீ ஆறியது. போன் வரவில்லை.

"அக்கா கூப்பிடலையே. நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் அத்தான்."

அவர் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். "பாரு. நூத்திப் பதினெட்டு. அம்பு ஆடாம நிக்குது. சாப்பிட்டுத் தூங்குறா. எழுப்பினா என்னைத் தின்னுடுவா."

நானும் பார்த்தேன். அழகான எண். சண்டையே இல்லாத எண். அதைப் பார்த்தால் யாருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

லைனிங் தகராறு பாதியில் முடிந்தது. இருவரும் சமமாக வருத்தப்பட்டுக் கைகுலுக்கினார்கள். நல்ல பேரத்துக்கு அதுதான் அடையாளம். என் கடை ஷட்டரை இறக்கிவிட்டு நானும் அத்தானுடன் நடந்தேன். அன்றைய சண்டையை அவர் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் அக்காவிடம் நடிக்க ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்ததும் டிவி சத்தம். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் பிஸ்கட் பொட்டலம். ஓரம் மட்டும் கிழிந்திருந்தது. எத்தனையோ வருஷமாக வாய் திறக்காத உடம்பு கடைசி நேரத்தில் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறது. கேட்டு எழுந்து போய் எடுத்துமிருக்கிறாள். பிரிக்கத்தான் நேரம் பத்தவில்லை.

சோபாமேல் அவள் போன் நூற்று ஒன்பது என்று காட்டிக்கொண்டிருந்தது.

அத்தான் அவள் விரலைப் பிடித்துக் குத்தினார். ரத்தம் வர அழுத்த வேண்டியிருந்தது. அந்த மீட்டர் ஓர் அளவுக்குக் கீழே போனால் எண் காட்டாது. 'லோ' என்று மட்டும் காட்டும். லோ என்று காட்டியது. அவர் போனைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். வாழ்க்கை பூராவும் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்று பழகியவர். நூற்று ஒன்பதுக்கும் எண்ணே இல்லாததற்கும் நடுவில் நிற்க இடம் கிடையாது.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். அவர் சர்க்கரையைக் குழைத்து அவள் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இந்தா, கொஞ்சம். கொஞ்சம்தான். இவ்ளோ போதும், இதை மட்டும் உள்ள வாங்கிக்கோ." அப்போதும் அவர் பேசியது பேரம்தான். வேறு பாஷை அவருக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ்காரர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது. அக்கா ஏறி வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சென்சார் எண்ணை நம்பிப் போட்ட ஊசி, பிறகு யாரும் பார்க்காத ஒரு மத்தியானம். மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், பதமாகத்தான் பேசினார்.

"சென்சார் எத்தனை நாள் பழசு?"

அத்தான் சொன்னார். மறைக்கவில்லை. மறுபிறவியையும் சொன்னார், நடு எண்ணையும் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"நடுன்னா?"

"சென்சார் நூத்தி எண்பது சொல்லுச்சு, விரல் தொண்ணூறு. நான் நூத்தி முப்பத்தஞ்சு போடச் சொன்னேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அந்த அளவுக்கு வயசான சென்சார் நீங்க எதைப் போட்டாலும் தப்பாக் காட்டியிருக்கலாம் சார்" என்றார்.

"ஆனா விரலை அப்படியே போட்டிருந்தா?"

"அலாரம் அடிச்சிருக்கலாம்."

இரண்டு பக்கமும் 'லாம்'தான். டாக்டர் தன்னால் முடிந்ததைக் குறைத்துக் கொடுத்தார். அத்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் கேன்வாஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தா பெஞ்சில் அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். மார்க்கெட் மனிதருக்கு ஆறுதலும் மார்க்கெட் பாஷையில்தான் வரும்.

"முழுசும் உங்க தலையில போட்டுக்காதீங்க பாதியண்ணே. பாதி விதி. மீதிதான் நாம. இன்னும் சொல்லப்போனா அதுலயும் தங்கச்சிக்குப் பங்கு உண்டு. தெரிஞ்சுதானே விரலை நீட்டுச்சு?"

"நீட்டினா" என்றார் அத்தான். "என்னை நம்பி நீட்டினா."

"அதான் சொல்றேன், ஆளுக்குப் பாதியா..."

"இல்லண்ணே. இதுல பாதி கிடையாது. இது முழுசா என் சரக்கு."

கேன்வாஸ்காரர் கொண்டு வந்த பழப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவுக்கு மாற்றுத்துணி எடுக்க நானும் அத்தானும் வீட்டுக்கு வந்தோம். அலமாரியைத் திறந்தபோது மேல்தட்டிலிருந்த பெட்டிகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார். அடுக்கும்போதுதான் பெட்டியின் விலாவில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்தார். அடியில் கிடந்த பெட்டிகளில் பலதும் கெடு தாண்டிவிட்டிருந்தன. பிரிக்காமலே கிழடாகிப்போன சென்சார்கள். அவற்றைத் தனியாக எடுத்துக் கதவோரம் வைத்தார். காவலுக்கு வாங்கியதையெல்லாம் காவல் காத்திருக்கிறோம்.

அக்கா பிழைத்தாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள், ஆளை அடையாளம் தெரிகிறது. வலது கை கொஞ்சம் தாமதமாக வருகிறது. போனது பேச்சுதான். ஆஸ்பத்திரியில் கண் விழித்த மூன்றாம் நாள் உதடு பிரிந்து ஒரு வார்த்தை வந்தது. "சரி." நாங்கள் கொண்டாடினோம். ஒன்று வந்தால் பின்னாலேயே மற்றதெல்லாம் வரிசையாக வரும் என்று நினைத்தோம். வரவில்லை. தண்ணீர் வேண்டுமா, சரி. வலிக்கிறதா, சரி. என்னைத் தெரிகிறதா, சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் உடையாம நின்னுடும். எது கேட்டாலும் அதுதான் வரும். உள்ளே அவங்க வேற நினைக்கலாம். வெளியே வர்றது இது."

எத்தனை வார்த்தை இருந்தது அவளிடம். பேரத்தில் அக்கா கடைசிவரை கைவசம் வைத்திருந்து, எதிராளி களைத்து விழுந்த பிறகு பிச்சை போடுவது போலப் போடுகிற வார்த்தை அது. அதை மட்டும் விட்டுவிட்டு மீதிக் கடையையெல்லாம் யாரோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவளைத் தெருவில் நடத்திக் கூட்டிப் போனோம். பழவண்டிக்காரர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பழக்கதோஷத்தில் விலையை ஏற்றியே சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது.

அக்கா பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அவர் சிரித்தார், அடுத்ததுக்குக் காத்திருந்தார். அடுத்தது வரவில்லை. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன படித்தாரோ, அவர் சிரிப்பு மெல்லக் கழன்றது.

"இல்லக்கா, அது... நேத்து விலை. இன்னைக்குக் குறைச்சுத்தான்" என்று இறங்கினார்.

"சரி."

"ஏன்கா, இது உங்களுக்கு அதிகமில்லையா? இன்னும் கொஞ்சம் கேளுங்களேன்." அவராகவே இன்னும் இறங்கினார்.

"சரி."

அவர் கண் கலங்கிவிட்டது. பழங்களைப் பையில் போட்டுக்கொண்டே, கூட இரண்டை அள்ளிப் போட்டு, "எனக்கு இன்னைக்கு ஜுரம்க்கா. அதான் விலை ஒழுங்கா வாயில வரல" என்றார். எதிராளியே இல்லாத பேரத்தில் ஒரு மனிதன் தோற்றுப்போவதை அன்றுதான் பார்த்தேன்.

அத்தான் தரகை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கேன்வாஸ்காரரும் பை கம்பெனி அம்மாவும் அவரை நடுவில் உட்காரவைத்துத் தங்கள் தங்கள் விலையைச் சொல்லிவிட்டு அவர் வாயைப் பார்த்திருக்கிறார்கள். "உங்க ரெண்டு பேர்ல யாரு உண்மை சொல்றீங்க?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை எங்கள் மார்க்கெட்டில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. இருவரும் திகைத்துப்போய் எழுந்துவிட்டார்கள். இப்போது என் பொத்தான் கடையில் வந்து உட்காருகிறார். ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்துச் சொல்லுவார், ஒரு பைசா கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். வாடிக்கையாளர்கள் அவரைக் கல்நெஞ்சன் என்கிறார்கள்.

சென்சார் கெடு முடிகிற அன்று போன் கூவும். கூவிய அதே நொடியில் அவர் எல்லா வேலையையும் போட்டுவிட்டு எழுந்துகொள்வார். போன வாரம் அப்படிக் கூவியபோது நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அதே சாப்பாட்டு மேசை. பழசைப் பிய்த்து எடுத்து, தோலைத் துடைத்து, புதுசை ஒட்டினார். காலர் பட்டையை இப்போது அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதில்லை. புது சென்சார் சூடாகித் தயாராகும்வரை மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அவர் அக்காவிடம் குனிந்து கேட்டார். என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அல்லது சாட்சியாக நினைத்தாரோ என்னவோ.

"என்னை மன்னிச்சியா?"

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். "சரி."

அவர் முகம் ஒரு கணம் விரிந்தது. பிறகு, தொழில் விட்டாலும் போகாத பழக்கம், சரக்கைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மன்னிக்க மாட்டியா?"

"சரி."

அதே கண், அதே குரல், அதே வார்த்தை. அத்தான் என் பக்கம் திரும்பினார். ஊரில் எத்தனை பேருடைய வாயிலிருந்தோ விலையைப் பிடுங்கியவர், ஒரு விலைக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் அதே சொல்றாளே மச்சான். இதுல நான் எதை எடுத்துக்கிறது?"

போன் கூவி, விரல் எண்ணைக் கேட்டது. அத்தான் விரலில் குத்தும் ஊசியைத் தேடி மேசையில் தடவினார், கண்ணில் தண்ணீர், எதுவும் கைக்கு அகப்படவில்லை.

யாரும் கூப்பிடாமலே அக்கா எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவர் முன்னால் விரலை நீட்டினாள்.